பத்துக் குதிரைக்குக் கொள்ளு

"அஞ்சுக்கு நாலுதான் வந்திருக்குதுக்கா. ஒண்ணு கம்மி."

"எண்ணாத. எண்ணுனா வீட்டுக்கு ஆகாது."

தாராபுரத்திலிருந்து நொச்சிக்கரட்டுக்குப் போகிற பேருந்தில் என் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொண்டார்கள். இயற்பியல் இறுதியாண்டுத் தேர்வை முடித்து, விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, மடியில் பையும் காலடியில் பெட்டியுமாக நான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேசுகிறவர்களின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு காதை மட்டும் பின்னால் விட்டுவைப்பேன். சன்னலுக்கு வெளியே, எங்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும், நாச்சிமுத்து மாமாவின் தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி நான்கு குதிரைகள் நடந்துகொண்டிருந்தன. எதிலும் பூட்டாமல், யாரும் ஓட்டாமல், முன்னால் போகிற குதிரையின் வாலைப் பார்த்தபடி பின்னால் வருகிற குதிரை நடக்க, வட்டம் அறுபடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டில் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"நொச்சிக்கரடெல்லாம் எறங்குங்க," என்றார் நடத்துநர். "பாத்து, குதிர நிக்குது."

வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாடு கன்று போட்டதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது, அதை மாட்டி முடிக்கும்வரை மின்சாரம் இல்லாமல் கிடந்தது, ஒருநாள் விடிகாலையில் கம்பியை இணைத்தார்கள், ஆளாளுக்கு ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார்கள், போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. எங்கிருந்தும் வரவில்லை, எந்தப் பாதையிலும் குளம்புத் தடம் இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தன. யாரோ வியாபாரி ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்து, மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பொங்கியண்ணன் ஒலிபெருக்கியைப் போட்டு, "குதிரைகளை விட்டுட்டுப் போனவங்க உடனடியா வந்து ஓட்டிக்கிட்டுப் போகவும்" என்று அறிவித்தார். யாரும் வரவில்லை. சாயங்காலத்துக்குள், மூன்று குதிரைத்திறன் மோட்டார் வைத்திருந்தவர் தோட்டத்தில் மூன்றும், ஐந்து வைத்திருந்தவர் தோட்டத்தில் ஐந்தும் நிற்பதைப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வியாபாரியைத் தேடவில்லை.

அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து போகிற கம்பிகளில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் இதுதான் நியதியாக இருந்தது; தேய்ந்துபோன பழைய மோட்டாருக்கு மட்டும் தேய்ந்த அளவுக்குக் குறைவாக வந்தன. மிக்ஸிக்கு ஒரு குதிரை. மிக்ஸியை ஓடவிட்டதும் அது புழக்கடையிலிருந்து சமையலறைச் சன்னலுக்குள் தலையை நீட்டி, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். சட்னி அரைபடும்வரை பொறுத்திருந்துவிட்டு ஒரு தேங்காய்ச் சில்லு வாங்கிக்கொண்டு திரும்பும். கிரைண்டர் கால் குதிரை என்பதால் ஆட்டுக்குட்டி உயரத்தில் ஒரு குட்டி வந்தது; பிள்ளைகள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். மின்விசிறிக்கு முழுக் குதிரைக்குத் திறன் போதாது, குட்டிக்கும் போதாது. ஆகவே வெறும் வால் மட்டும் விட்டத்திலிருந்து தொங்கி, விசிறி சுற்றும்போது அங்குமிங்கும் ஆடிக் கொசுவை விரட்டியது. பெட்ரோலில் ஓடுகிற வண்டிகளுக்கு எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு, "அதுக்கு வேற இலாகா," என்று நாச்சிமுத்து மாமா சொன்னார்.

ஒரு குதிரைத்திறன் என்பது எழுநூற்று நாற்பத்தாறு வாட் என்று நான் தேர்வில் எழுதிவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சீமையில் எப்போதோ செக்குச் சுற்றுகிற குதிரைகளைப் பார்த்து ஒருவர் வைத்த அளவு அது. புத்தகத்துக் குதிரை களைப்பதில்லை, அதற்குப் பசிப்பதில்லை, அது சாணி போடுவதும் இல்லை. எங்கள் ஊர்க் குதிரைகள் இந்த மூன்றையும் செய்தன. தீனி வைக்காவிட்டால் படுத்துக்கொண்டன. குதிரை படுத்தால் மோட்டார் உறுமுமே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. அதனால் ஊரில் இருந்த கொள்ளு முழுவதும் குதிரைக்குப் போயிற்று. கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் இல்லாமல் பொழுது போகாத வீடுகளில் தட்டைப்பயற்றையே மாற்றி மாற்றிக் கடைந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொள்ளு ரசம் வைக்காமல் அனுப்பினார்கள் என்று ஒரு வீட்டில் சண்டைகூட வந்தது.

கொள்ளு வேகவைத்து, ஆறவைத்து, வாளியில் சுமந்துபோய்க் கொட்டுகிற வேலை பெண்களுக்கு வந்து சேர்ந்தது. யாரும் சொல்லவில்லை; தானாக வந்து சேர்ந்தது. அதனால் ஒன்று நடந்தது: குதிரைகள் தீனி வைக்கிற கைக்குப் பின்னால் மட்டுமே நடந்தன. ஆண்கள் கயிறு போட்டு இழுத்தாலும் அசையாத குதிரை, பெண்கள் வாளியை ஆட்டினால் தெருவைக்கூடத் தாண்டி வந்தது. இன்னொன்றையும் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். மரகதம் டீச்சர் வீட்டு மிக்ஸிக் குதிரை ஒருநாள் எங்கள் புழக்கடைக்கு வந்து முருங்கை இலையைத் தின்றுகொண்டு நின்றபோது அம்மா மிக்ஸியைப் போட்டாள். இரண்டு தலைகள் சன்னலுக்குள் நீண்டன, மிக்ஸி மூடி கூரையில் போய் அடித்தது, புளிக்கரைசல் சுவரெல்லாம் தெறித்தது. அதே நேரத்தில் டீச்சர் வீட்டில் மிக்ஸி சுற்றாமல் நின்றுபோனது. குதிரை எங்கே நிற்கிறதோ அங்கேதான் திறன் நின்றது.

இவையெல்லாம் ஊருக்குப் பெரிய சிக்கலாகத் தோன்றவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஐந்து குதிரைத்திறன் என்று அனுமதி வாங்கிவிட்டு ஏழரையோ பத்தோ பூட்டுவது எங்கள் ஊரில் வெகுநாள் பழக்கம். பழைய மோட்டாரிலிருந்து ஐந்து என்று எழுதிய தகட்டைக் கழற்றிப் புது மோட்டாரில் வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்துவிடுவார்கள். தகட்டைப் படிக்கிறவன் மோட்டாரைத் தூக்கிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் குதிரைக்குத் தகடு கிடையாது. வரப்பில் நடந்துபோகிற எவரும் அடுத்தவன் தோட்டத்தில் எத்தனை நிற்கின்றன என்று பார்த்துவிடலாம் என்று ஆனபோது, ஊர் ஒரு மரியாதையைக் கற்றுக்கொண்டது. யாரும் யாருடைய குதிரையையும் எண்ணுவதில்லை. வரப்பில் போகும்போது வானத்தையோ கால் விரலையோ பார்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்சம் பெரிய தோட்டக்காரர்கள் கிணற்றைச் சுற்றித் தென்னங்கீற்று மறைப்புக் கட்டினார்கள். பொங்கியண்ணன் தோட்டத்து மறைப்பு ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது, உள்ளே கனைக்கிற சத்தத்தை வைத்து எத்தனை என்று சொல்ல முடியவில்லை. குதிரையை எண்ணினால் எண்ணியவன் வீட்டு மாடு கறக்காது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்; வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்றாலும் அது அந்தக் காலத்திலிருந்தே இருக்கிற பேச்சு மாதிரி ஆகிவிட்டது. எண்ணக் கூடாது என்பதில் குறைவாக வைத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேருந்தில் நான் கேட்டது நாச்சிமுத்து மாமாவின் மனைவியும் அவர் தங்கையும் பேசியதுதான்.

மேலே இருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, "இவ்வளவு குதிரைங்க எதுக்குங்க?" என்று கேட்டார். பொங்கியண்ணன் அசராமல், "அம்மனுக்கு நேர்ந்து விட்டதுங்க," என்றார்.

"எல்லாமேவா?"

"எல்லாமேங்க. எங்கூரு அம்மனுக்குக் குதிரைன்னா உசுரு."

அதிகாரி குறித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமையே ஊரிலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் மஞ்சள் தெளித்துக் குங்குமம் வைத்துக் கோயிலைச் சுற்றி அழைத்துவந்தார்கள். கிரைண்டர் குட்டிகளைப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். இதில் விளையாட்டு எதுவும் இல்லை. அம்மன் பேரைச் சொல்லி ஒரு பொய் சொல்லிவிட்டால் அந்தப் பொய்யை எப்படியாவது நிசமாக்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பொய் சொல்லக் கூடாது என்று இல்லை. சொன்னதைப் பொய்யாக விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை நாச்சிமுத்து மாமா மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, அம்மன் சாட்சியாகக் காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லிவிட்டார்; பிறகு ஈரத்துணியோடு கிணற்றுமேட்டில் படுத்துக் கிடந்து காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார். வந்த காய்ச்சல் போக ஊசி போட வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. முறையாகச் செய்தார் என்றார்கள்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. பெரியப்பா சென்னியப்பனுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி. கிழக்கு மேட்டில் அவர்கள் மோட்டார், மேற்கு மேட்டில் எங்கள் மோட்டார். ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. ஆளுக்கு ஐந்து குதிரைத்திறன். அப்பா இருக்கும்போதே பேசி வைத்தது இது. அப்பா இறந்த பிறகு கிணறு எங்களிடம் வேறு மாதிரி நடந்துகொண்டது. பெரியப்பாவின் முறை முடிந்த மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால் அடியில் சேறு தெரியும். ஊற்று சுரந்து எங்கள் குழாய் நனைவதற்குள் மின்சாரம் போய்விடும். அம்மா கேட்டபோதெல்லாம், "உன்ற மோட்டாரு பழசு, எரிஞ்ச காயிலயே திரும்பத் திரும்பக் கட்டி ஓட்டற, அதுல எப்பிடித் தண்ணி வரும்?" என்பார் பெரியப்பா. அதில் பாதி நிசம். எங்கள் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு மூன்றுதான் வந்திருந்தன, அவற்றில் ஒன்று நொண்டி. பெரியப்பாவின் ஐந்து என்ற தகட்டுக்குக் கீழே பத்து நின்றன.

அந்தப் பருவத்தில் அம்மா சின்ன வெங்காயம் நட்டிருந்தாள். காய் திரள்கிற நேரம். அப்போது தண்ணீர் தப்பினால் வெங்காயம் தாளோடு நின்றுவிடும். இந்தப் போகமும் காய்ந்தால் கிணற்றுப் பங்கைப் பெரியப்பாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்துகொள்வது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். திருப்பூரில் இருக்கிற சித்தி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். பெரியப்பாவுக்கும் இது தெரியும். அவர் அவசரப்படவில்லை. தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் பெரியம்மா மயிலாத்தாளும் பேசிக்கொள்வதில்லை. ஒரே கிணற்றின் இரண்டு மேடுகளில் தினமும் நின்றுகொண்டு பேசாமலும் இருக்க முடியாது; ஆகவே முன்பெல்லாம் ஆட்டிடம் பேசுவார்கள், இப்போது குதிரையிடம் பேசினார்கள். பெரியம்மாவுக்கு என்னிடம் மட்டும் நேர்ப்பேச்சு உண்டு. நான் வந்த மறுநாள் கிணற்றுமேட்டில் பார்த்ததும் கேட்டாள்.

"அம்மிணி, பரிச்ச எப்பிடி எழுதுன? குதிரயப் பத்தியெல்லாம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க பெரிம்மா."

"என்னன்னு எழுதுன?"

"ஒரு குதிரைக்கு எழுநூத்தி நாப்பத்தாறுன்னு."

"அத்தன படி கொள்ளு வெக்கோணுமாக்கும். நான் கம்மியாத்தான் வெச்சிட்டிருக்கறேன்." அவள் இரண்டு வாளிகளையும் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு கறுப்புக் குதிரையின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "தின்னு சாமி, தின்னு. பொழுதோட ஊறப்போட்டு, வெடியால எந்திரிச்சு வேகவெச்சு, எனக்குன்னு ஒரு வாய் காப்பி குடிக்க நேரமில்ல. உனக்கென்ன, சுத்துனாப் போச்சு."

வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து எங்கள் நொண்டிக் குதிரையின் பிடரியைத் தடவினாள். "நீ நொண்டுனாலும் நேராத்தான் நிக்கிற ஆயா. சில தோட்டத்துல தகட்டுல ஒரு கணக்கு, தரையில ஒரு கணக்கு."

"கேட்டயா கறுப்பு? தகட்டுக்கு ஆணி நானா அடிச்சேன்? அடிச்சவரக் கேக்கறதுக்கு இங்க யாருக்கும் வாயில்ல. சட்டி தூக்கறவளத்தான் நோண்டுவாங்க."

"சட்டி தூக்கறவளுக்குத்தான ஆயா தெரியும், எத்தன வாயின்னு. மத்தவங்கெல்லாம் எண்ணவே மாட்டாங்களாம்."

பெரியம்மா வாளியைக் கவிழ்த்து, விளிம்பில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டாள். ஒவ்வொரு குதிரையின் முன்னும் ஒரு பிடி குறையாமல், ஒரு பிடி கூடாமல் விழுந்தது. எண்ணாமல் அப்படி வைக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் சுண்டலுக்கு உட்கார்ந்திருந்தபோது அம்மா எழுந்து நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அம்மாவின் முந்தானை நுனி கையில் சுருண்டு சுருண்டு அவிழ்வது மட்டும் தெரிந்தது.

"யாரு தோட்டத்தையும் எண்ணச் சொல்லலீங்க," என்றாள் அம்மா. "எங்க கிணத்த மட்டும் ஊரு வந்து எண்ணிக் குடுக்கோணும். ஆளுக்கு அஞ்சுன்னு பேச்சு. வெங்காயம் வாடிக் கெடக்குது."

பொங்கியண்ணன் சுண்டலை மென்று முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "எண்ண ஆரம்பிச்சா எங்கீன்னு நிறுத்தறது தேவா? இன்னிக்கு உங்க கிணறும்ப. நாளைக்கு இன்னொருத்தன் வந்து ஊரையே எண்ணும்பான். ஒத்துமையா இருக்கற ஊரு."

"என்ற மோட்டாருல தகடு இருக்குதுங்க," என்றார் பெரியப்பா. "படிக்கத் தெரிஞ்சவங்க போய்ப் படிச்சுக்கிட்டும்."

"தகடு தின்னாதுங்க," என்றாள் அம்மா. "தின்கறத எண்ணச் சொல்றேன். நீங்க எண்ண வேண்டாம், உங்க மாடு கறக்காமப் போகும். தீனி வெக்கறது மயிலாத்தாக்கா. அக்காவயே கேளுங்க, எத்தன வாயின்னு. அக்கா என்ன சொல்லுதோ அது எனக்குச் சம்மதம்."

அக்கா என்ற சொல்லை அம்மா சொல்லிப் பல வருசம் ஆகியிருந்தது. பொங்கியண்ணனுக்கு ஊரை எண்ணாமல் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. உடனே பூசாரியைக் கூப்பிட்டுத் தட்டில் சூடம் கொளுத்தச் சொன்னார். பெரியம்மா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். அவள் உள்ளங்கைகளில் கொள்ளுச் சட்டி சுட்ட தழும்புகள் இருந்தன. அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தார், மடிப்பு சரியாக வராததுபோல் திரும்பவும் உதறினார். ஊர் முழுவதும் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியம்மா சூடத்தின் மேல் கையை வைத்து எடுத்தாள்.

"அஞ்சுங்க," என்றாள்.

"அம்மன் பேருல அஞ்சுன்னா அஞ்சுதான்," என்றாள் அம்மா. சுண்டல் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து மிக்ஸிக் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சித்தியைப் போனில் கூப்பிடச் சொன்னாள். "வந்தர்றோம்னு சொல்லீரு. மாசக் கடைசிக்குள்ள." நான் சொன்னேன். சித்தி, அங்கே தையல் மிசினுக்குக் குதிரை வருமா என்று கேட்டாள். அது வேறு டிரான்ஸ்பார்மர் என்று சொன்னேன்.

பெரியப்பாவின் முறைநாள் வந்தது. காலையில் மின்சாரம் வந்ததும் கிழக்கு மேட்டில் அவர் மோட்டாரைப் போட, பத்துக் குதிரைகளும் வழக்கம்போல் சுற்றத் தொடங்கின. குழாயிலிருந்து தண்ணீர் வாழைத்தண்டு கனத்துக்கு வந்து விழுந்தது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மஞ்சள் காட்டுக்குள் போனார். மேற்கு மேட்டில் அம்மா, திருப்பூருக்குப் போவதற்கு முன் விற்றுவிடலாம் என்று, பழைய இரும்புச் சாமான்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா இரண்டு வாளிகளோடு வந்தாள். ஒரு வாளியை ஐந்து குதிரைகளுக்கு மட்டும் கொட்டினாள். அவை வட்டத்தை விட்டு விலகாமல், போகிற போக்கில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு சுற்றின. மீதி ஐந்தும் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்தன. அவள் அவற்றுக்கு வைக்கவில்லை. நிறைந்த வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி மேற்கே நடந்தாள். கறுப்புதான் முதலில் வட்டத்திலிருந்து விலகியது. அதன் பின்னால் செவலை, அதன் பின்னால் புள்ளி விழுந்த இரண்டு, கடைசியில் ஒரு சாம்பல் நிறம். மோட்டாரின் சத்தம் தணிந்தது. வாழைத்தண்டு கனத்துக்கு விழுந்த தண்ணீர் மணிக்கட்டுக் கனத்துக்குச் சுருங்கியது.

மடையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா மண்வெட்டியோடு ஓடிவந்தார். அதே நேரம் பொங்கியண்ணன் மொபெட்டில் வண்டிப்பாதையில் வந்துகொண்டிருந்தவர், ஒரு பெண் பின்னால் குதிரைகள் வரப்பு தாண்டிப் போவதைப் பார்த்து நிறுத்தினார். களையெடுக்க வந்த பெண்கள் நான்கைந்து பேரும் நின்றார்கள்.

"மயிலா, எங்க ஓட்டிட்டுப் போற? குதிரய உடு."

"நம்ம குதிர எதுங்க போச்சு?" என்றாள் பெரியம்மா திரும்பாமல். "அஞ்சும் அங்கதான சுத்துது. எண்ணிப் பாத்துக்குங்க."

பெரியப்பா கிழக்கு மேட்டைப் பார்த்தார். அங்கே ஐந்து சுற்றிக்கொண்டிருந்தன. பொங்கியண்ணனைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவிடம் கேட்டார்.

"அப்ப இது?"

"இது யாருதுன்னு எனக்கென்னங்க தெரியும். நம்ம வீட்டுக் கணக்கு அஞ்சு. சூடத்துல கைய வெச்சுச் சொல்லியாச்சு. நீங்களுந்தான் பக்கத்துல நின்னீங்க."

பெரியப்பா மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். இன்னும் ஐந்து என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் பத்து என்று சொல்ல வேண்டும். பத்து என்று சொன்னால் அம்மன் முன்னால் தன் வீட்டுக்காரி சொன்னது பொய்யாக நின்றுவிடும். அதை ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பொங்கியண்ணன் வானத்தைப் பார்த்தார். "மழ வர்றாப்பல இல்ல சென்னி," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

பெரியம்மா எங்கள் மேட்டுக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கறுப்பின் நெற்றியில் கோயிலைச் சுற்றியபோது வைத்த குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "போற வீட்ல நல்லாப் பொழச்சுக்க," என்றாள் அதனிடம். பிறகு வாளியை அம்மாவின் காலடியில் வைத்தாள். குதிரையைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"வேகவெக்கறப்ப உப்புப் போட்றாத தேவா. கறுப்புக்கு ஆகறதில்ல."

"செரிக்கா," என்றாள் அம்மா.

பெரியம்மா வந்த வழியே திரும்பிப் போனாள். பெரியப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

எங்கள் மேட்டில் இப்போது எட்டுக் குதிரைகள் நின்றன. அம்மா கையிலிருந்த இரும்பைக் கீழே போட்டாள். கறுப்பையும் செவலையையும் எங்கள் மூன்றோடு சேர்த்து நிறுத்தி, அவற்றுக்கு ஆளுக்கு இரண்டு கை கொள்ளு வைத்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, புள்ளி விழுந்த இரண்டும் சாம்பலும் பின்னால் வர, வண்டிப்பாதையில் இறங்கி ஊருக்குள் நடந்தாள். பொங்கியண்ணன் தோட்டத்துக் கீற்று மறைப்பைத் தாண்டினாள், நாச்சிமுத்து மாமா வீட்டைத் தாண்டினாள், மரகதம் டீச்சர் வீட்டைத் தாண்டினாள். வாசலில் இருந்தவர்கள் கால் விரலைப் பார்த்தார்கள்.

ஊர்க் குடிதண்ணீர்த் தொட்டியின் அடியில் பஞ்சாயத்து மோட்டார் இருக்கிறது. அதுவும் ஐந்துதான்; வந்தது இரண்டு. ஊருக்குப் பொது என்பதால் அவற்றுக்கு யாரும் தீனி வைப்பதில்லை, எப்போதும் ஒன்று படுத்தே கிடக்கும். குழாயடியில் குடங்களை வரிசை வைத்துவிட்டுப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா படுத்திருந்த குதிரைக்கு முதலில் வைத்தாள். அது எழுந்து நின்றது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததற்கும் கூட்டிவந்த மூன்றுக்கும் வைத்தாள். வாளியைக் கவிழ்த்து விளிம்பை வழித்துப் போட்டாள்.

பிறகு ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்து, குழாயடியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினாள்.